தாத்தாவோட டிரெய்லர் எந்தப் பச்சை?

முதல்ல ஒரு தப்பை ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறேன். பொங்கல் லீவுக்கு ஒட்டன்சத்திரம் போயிருந்தப்போ, தோட்டத்துல தென்னை மரத்தடியில நின்ன ஒரு பழைய ரெண்டு சக்கர டிரெய்லருக்குப் பெயிண்ட் அடிச்சுத் தரச் சொன்னார் எங்க பெரியப்பா. "நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, உனக்குத் தெரியாததா"ன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. அது போதுமே. கிரைண்டர்ல ஃபிளாப் டிஸ்க் மாட்டி அரை மணி நேரத்துல பின்பக்கத் தகரத்தை வெள்ளி மாதிரி ஆக்கிட்டேன். நீலப் பெயிண்டுக்கு அடியில பச்சை தெரிஞ்சுது, பச்சைக்கு நடுவுல வெள்ளையா ஏதோ எழுத்து மாதிரி இருந்துச்சு. நான் நிறுத்தல.

மதியம் பட்டறையில இருந்து பெயிண்டர் அண்ணன் வந்தாரு. தகரத்தைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. "தம்பி, மிலிட்டரி நம்பர் இருந்திருக்குமே, போட்டோ எடுத்தியா?"

எடுக்கல. மிச்சம் இருந்தது ஒரு மூலையில மேல் நோக்கி நிக்கிற ஒரு அம்புக்குறி, அதுக்குப் பக்கத்துல '7'ன்னு ஒரு எண். அவ்வளவுதான்.

நம்ம ராணுவ வண்டிகளோட நம்பரை நீங்க ரோட்டுல கவனிச்சிருந்தா தெரியும். 'டி.என்.'னு எல்லாம் ஆரம்பிக்காது. முதல்ல மேல் நோக்கின அம்பு. அது பிரிட்டிஷ்காரங்க அரசாங்கச் சொத்து மேல பல நூற்றாண்டா போட்டுட்டு வந்த முத்திரை, அவங்க போயும் அது போகல. அடுத்து ரெண்டு எண்கள், வண்டி ராணுவத்துக்கு வந்த வருஷம். அப்புறம் வண்டி எந்த வகைன்னு ஒரு எழுத்து, வரிசை எண், கடைசியில சரிபார்க்க ஒரு எழுத்து. ஆக எங்க டிரெய்லர் எழுபதுகள்ல சேர்ந்ததுன்னு மட்டும் இப்போ சொல்ல முடியும். 71-ஆ, 79-ஆ? அந்த எண்ணை நான் தூளாக்கிட்டேன். அதை ஏலத்துல எடுத்த தாத்தா இப்போ உயிரோட இல்லை.

அந்தக் குற்ற உணர்ச்சியில உட்கார்ந்து படிச்சதுதான் இந்தக் கட்டுரை. நீங்க யாராவது வீட்டுல ஒரு பழைய மிலிட்டரி ஜீப்போ டிரெய்லரோ வச்சிருந்தா, கிரைண்டரை எடுக்கிறதுக்கு முன்னாடி படிச்சிருங்க.

டிஸ்போசல் வண்டி

எங்க ஊர்ப் பக்கம் 'டிஸ்போசல் வண்டி'ன்னா சின்னப் பசங்களுக்கும் தெரியும். ராணுவம் ஓட்டி முடிச்சு ஏலத்துல விட்ட வண்டி. இப்போ அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. ஆன்லைன்ல ஏலம் விடுது. தாத்தா காலத்துல நேர்ல போய்க் கேட்டிருக்காங்க. மலைக்குப் போக ஃபோர் வீல் டிரைவ் வேணும், புதுசு வாங்கக் காசு கிடையாது. விருப்பாச்சி மலை வாழைத் தாரையும் பாச்சலூர்ப் பக்கத்துக் காப்பி மூட்டையையும் கீழே இறக்க, ஒரு பழைய மிலிட்டரி ஜீப்பும் பின்னாடி ஒரு குட்டி டிரெய்லரும் போதும். எங்க தாத்தா ரெண்டையும் சேர்த்து எடுத்திருக்காரு. ஜீப் எஞ்சின் போய் காயலான் கடைக்குப் போயிருச்சு. எஞ்சின் இல்லாததால டிரெய்லர் தப்பிச்சிருச்சு. இப்போ டிராக்டர் பின்னாடி முருங்கைக்காய் மூட்டை ஏத்திட்டு மார்க்கெட்டுக்குப் போகுது.

2019-ல தோனி ராஞ்சியில ஒரு ஜோங்கா ஓட்டிட்டு வந்த வீடியோவை நீங்க பார்த்திருப்பீங்க. அதுவும் இதே சாதிதான். நிஸான் பேட்ரோலை அடிப்படையா வச்சு ஜபல்பூர்ல தயாரிச்ச வண்டி, ஊர்ப் பேரோட சுருக்கம்தான் 'ஜோங்கா'வுல ஒளிஞ்சிருக்கு. சக்திமான் லாரியும் அதே ஜபல்பூர்தான். டாங்கின்னா நம்ம ஆவடி. 1965-ல இருந்து விஜயந்தா அங்க இருந்துதான் வந்துச்சு. ஓய்வு பெற்ற பிறகு அதுல பல டாங்கிகள் பீடத்து மேல ஏறி நின்னு செல்ஃபிக்கு போஸ் கொடுக்குது.

அப்படி நிக்கிற டாங்கிகள்ல ரெண்டு மூணை நான் கிட்டப்போய்ப் பார்த்திருக்கேன். பளபளன்னு வீட்டு கேட் மாதிரி எனாமல் அடிச்சிருக்காங்க. சக்கரத்துல வெள்ளைக் கோடு, செயின்ல சில்வர் பெயிண்ட். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சண்டைக்குப் போற வண்டி அப்படி மின்னுச்சுன்னா, அது 'இங்க இருக்கேன், சுடு'ன்னு கண்ணாடி காட்டுற மாதிரி.

பளபளப்புதான் முதல் எதிரி

நாம உருமறைப்புன்னா (கேமஃபிளாஜுக்கு இந்தச் சொல்லை நானும் போன மாசம்தான் கத்துக்கிட்டேன்) பச்சை நிறம்னு நினைச்சுக்கிறோம். நிறத்துக்கு முன்னாடி வர்றது பளபளப்பு. பெயிண்ட்ல ரெண்டு முக்கியப் பொருள் இருக்கு: நிறம் தர்ற பவுடர், அதைப் பிடிச்சு வைக்கிற பசை. பசை அதிகமா இருந்தா காயும்போது மேல வழவழன்னு ஒரு படலம் உண்டாகும், வெளிச்சம் ஒரே திசையில திரும்பும். பவுடரை ஏத்திப் பசையைக் குறைச்சா, இல்ல நுண்ணிய சிலிக்கா கலந்தா, மேற்பரப்பு சொரசொரப்பாகி வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறிடும். அதான் மேட் ஃபினிஷ்.

இதுக்கு ஒரு விலை இருக்கு. மேட் பெயிண்ட் அழுக்கைப் பிடிச்சுக்கும், துடைச்சா தேயும், மழைத் தண்ணி எனாமல்ல மாதிரி வழுக்கி ஓடாது. அதனால வெயில்ல மழையில நிக்கிற காட்சிப் பொருளுக்குப் பளபளப்பு எனாமல் அடிக்கிறது முட்டாள்தனம்னு நான் சொல்ல மாட்டேன். பராமரிக்கிறவங்களுக்கு அது வசதி. அமெரிக்க ராணுவமே ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் மேட் ஆலிவை விட்டுட்டுக் கொஞ்ச வருஷம் மினுமினுப்பான ஆலிவுக்குப் போச்சு. சண்டை இல்லாதப்போ வண்டி அழகா தெரியணும்னு எல்லா ராணுவத்துக்கும் ஆசை வரும்போல.

ஆலிவ் பச்சையே ஒரு வேடிக்கையான நிறம். அதுக்குப் பச்சைப் பவுடரே தேவையில்லை. மஞ்சள் காவியில கறுப்பைக் கலந்து பாருங்க, அழுக்குப் பச்சையா வரும். அமெரிக்காவோட பழைய ஆலிவ் டிராப் கிட்டத்தட்ட இந்தக் கலவைதான். இந்தியாவுக்கு இன்னொரு பழைய பங்கும் இருக்கு: 'காக்கி'ங்கிற வார்த்தையே தூசின்னு அர்த்தம் தர்ற 'காக்' என்ற பாரசீக, உருதுச் சொல்லுல இருந்து வந்தது. 1840-கள்ல பெஷாவர் பக்கம் உருவான கைட்ஸ் படைதான் தூசி நிற உடையைப் பிரபலமாக்குச்சு. சிவப்புக் கோட்டு போட்டு வரிசையா நின்னு சண்டை போட்ட பிரிட்டிஷ் ராணுவம், மறைஞ்சு நிக்கக் கத்துக்கிட்டது நம்ம ஊர்ப் புழுதியைப் பார்த்துதான்.

திட்டு எவ்வளவு பெருசு?

இப்போ நம்ம பசங்க தார் வண்டிக்கும் புல்லட் டேங்குக்கும் ஒட்டுற கேமஃபிளாஜ் ஸ்டிக்கரைப் பத்திப் பேசலாம். அதுல சின்னச் சின்னத் திட்டுகள், ஒவ்வொண்ணும் நாலஞ்சு சென்டிமீட்டர். அது எதையும் மறைக்காது. ஏன்னு கணக்குப் போட்டே பார்க்கலாம்.

நல்ல கண்ணால பிரிச்சுப் பார்க்க முடியற மிகச் சின்னக் கோணம் சுமார் 1 ஆர்க் மினிட், அதாவது 0.00029 ரேடியன். 5 செ.மீ. திட்டை இதால வகுத்தா 170 மீட்டர் சொச்சம் வரும். அந்தத் தூரம் தாண்டிட்டா கண்ணுக்குத் திட்டே தெரியாது, எல்லாம் கலந்து ஒரே நிறமா ஆகிடும். அப்புறம் பளிச்னு தெரியறது வண்டியோட உருவம்: செவ்வகப் பெட்டி, ரெண்டு வட்டச் சக்கரம். அரை கிலோமீட்டர்ல ஒரு திட்டு தெரியணும்னாலே குறைஞ்சது 15 செ.மீ. வேணும். அதோட வேலை உருவத்தை உடைக்கிறதுன்னா இன்னும் பல மடங்கு பெருசா இருக்கணும்.

உடைக்கிறதுன்னு சொன்னேன்ல, அதுதான் விஷயம். இயற்கையில நேர்கோடும் செங்கோணமும் ரொம்பக் கம்மி. நம்ம கண்ணு ஜீப்பைத் தேடறதில்லை, விளிம்பைத் தேடுது. அதனால கருப்புத் திட்டு கதவு விளிம்போட நின்னுடக் கூடாது. பானட்டுல ஆரம்பிச்சு, மட்கார்டைத் தாண்டி, பக்கவாட்டுத் தகரத்துக்கு இறங்கணும். எங்க டிரெய்லர்ல நான் விட்டுவச்ச இடது பக்கத்துல ஒரு கருப்புப் பட்டை மேல் விளிம்பு தாண்டி உள்பக்கத் தகரம் வரைக்கும் போயிருக்கு. முதல்ல பார்த்தப்போ பெயிண்ட் வழிஞ்சிருச்சுன்னு நினைச்சேன். யாரோ தெரிஞ்சேதான் அடிச்சிருக்காங்க.

ஹியூ காட் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் தவளை, விட்டில், பறவை எல்லாம் எப்படி விளிம்பை மறைக்குதுன்னு 1940-ல ஒரு பெரிய புத்தகமே எழுதினார். கிட்டத்தட்ட அதே சமயத்துல பிரிட்டிஷ் ராணுவ லாரிகள்ல வட்ட வட்டமா கருந்திட்டு அடிக்க ஆரம்பிச்சாங்க. மிக்கி மவுஸோட காது மாதிரி இருந்ததால அதுக்கு அந்தப் பேரே நிலைச்சிருச்சு. இன்னொரு தந்திரம் இன்னும் பிடிச்சது. ஷெர்மன் டாங்கியில 17 பவுண்டர் என்ற நீளமான பீரங்கி வச்ச வகை ஒண்ணு உண்டு, பேரு ஃபயர்ஃபிளை. நீளமான குழலைப் பார்த்தாலே ஜெர்மன்காரங்க அதைத்தான் முதல்ல அடிப்பாங்க. அதனால குழலோட முன்பாதிக்கு அடியில வெள்ளை அடிச்சு, தூரத்துல இருந்து பார்த்தா சாதாரணக் குட்டைக் குழல் மாதிரி காட்டினாங்க.

அடியில ஏன் வெள்ளை? மீனைத் திருப்பிப் பாருங்க, வயிறு வெளிறிப்போய் இருக்கும், முதுகு கருப்பா இருக்கும். வெளிச்சம் மேல இருந்து வரும்போது முதுகு வெளுத்து, வயிறு நிழலாகும். நிறம் அதுக்கு நேர்மாறா இருந்தா ரெண்டும் சமமாகி உடம்போட திரட்சி காணாமப் போயிடும். அபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர் 1896-லயே இதை விளக்கிட்டார். ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்க எப்பவும் இன்ஜினியர்தான் வேணும்னு இல்லைபோல.

வடகாட்டுக்குக் கீழே, வடகாட்டுக்கு மேலே

ஒரு சோதனை நீங்களே பண்ணலாம். ஒட்டன்சத்திரத்துல இருந்து பரப்பலாறு அணை வழியா வடகாடு, பாச்சலூர்னு மேல ஏறுங்க. சித்திரை மாசம் கீழே எல்லாம் செம்மண், காய்ஞ்ச புல்லு, சோளத்தட்டை. அங்க ஆலிவ் பச்சை வண்டி நின்னா தனியா துருத்திட்டு இருக்கும். அதே வண்டி கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் காப்பித் தோட்டத்து மர நிழலுக்குள்ள போயிருச்சுன்னா, பக்கத்துல போனாதான் தெரியும். ஒரு மணி நேரப் பயணத்துல ஒரே பெயிண்ட் தோத்தும் போகுது, ஜெயிக்கவும் செய்யுது. நல்ல நிறம்னு தனியா ஒண்ணு கிடையாது, எந்த ஊரு, எந்த மாசம்னு கேட்டுதான் சொல்ல முடியும். நம்ம ராணுவமே பாலைவனத்துக்குப் போற டாங்கிகள்ல மணல் நிறத்தைச் சேர்க்குது. ஐ.நா. பணிக்குக் காங்கோ போன இந்திய வண்டிகளுக்கு முழு வெள்ளை, ஏன்னா அங்க எல்லார் கண்ணுலயும் படணும். விமானப்படை வண்டி நீலம்.

இதுல உச்சம் பிங்க் நிறம். 1960-களோட கடைசியில பிரிட்டிஷ் எஸ்.ஏ.எஸ். படை தன்னோட லேண்ட் ரோவர்களுக்கு ரோஸ் பவுடர் நிறத்துல பெயிண்ட் அடிச்சுது, செல்லப் பேரு பிங்க் பேந்தர். பாலைவனத்துல விடியற நேரமும் பொழுது சாயற நேரமும் அதுதான் கண்ணுக்குப் படாத நிறமாம். அதுக்கும் முன்னாடி 1940-ல கப்பல்களுக்கு இதே மாதிரி ஒரு வெளிர் ரோஸ் நிறத்தை அடிக்கச் சொன்னவர் மவுண்ட்பேட்டன். ஆமா, நம்ம கடைசி வைஸ்ராய் அவரேதான்.

ஹாஸ்டல் சி.சி.டி.வி. சொல்ற ரகசியம்

ராத்திரி நேர சி.சி.டி.வி. பதிவைப் பார்த்திருக்கீங்களா? வேப்ப மரத்து இலை எல்லாம் பனி விழுந்த மாதிரி வெள்ளையா இருக்கும். காரணம், கேமரா அப்போ அகச்சிவப்பு வெளிச்சத்துல பார்க்குது. இலையில இருக்கிற பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கும். ஆனா 700 நானோமீட்டரைத் தாண்டினதும் இலை படற வெளிச்சத்துல பாதியளவு திருப்பி அடிக்கும். நம்ம கண்ணுக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும்.

கார்பன் கறுப்பு கலந்த பழைய ஆலிவ் பெயிண்ட் அந்த அலைநீளத்தை உறிஞ்சிடும். அதனால பகல்ல இலையோட இலையா மறைஞ்ச வண்டி, ராத்திரி நைட் விஷன்ல வெள்ளைத் தோட்டத்துக்கு நடுவுல கருப்புப் பெட்டியா நிக்கும். இதுக்குத் தீர்வா குரோமியம் ஆக்ஸைடு மாதிரி அகச்சிவப்பையும் இலை போலத் திருப்பி அனுப்புற பவுடர்களைச் சேர்க்க ஆரம்பிச்சாங்க. ஆக ஒரே பச்சைன்னு கண்ணு சொல்ற ரெண்டு பெயிண்ட், கேமராவுக்கு வேற வேற. கடையில ஷேட் கார்டைக் காட்டி 'மிலிட்டரி பச்சை'ன்னு வாங்குறது உண்மையில பாதிக் கதைதான்.

சுரண்டுறது எப்படி

இனி என் தப்புக்கு வர்றேன். பெயிண்டர் அண்ணன் அன்னைக்கு மிச்சமிருந்த இடது பக்கத்துல, மட்கார்டு மறைவுல, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணியில நனைச்சு வட்டமா தேய்ச்சார், நடுவுல ஆழமா, ஓரத்துல லேசா. அப்புறம் 800, 1500. கடைசியா ஒரு சொட்டு எண்ணெய் தடவினார். மரத்தை வெட்டினா வளையம் தெரியுமே, அதே மாதிரி பெயிண்ட் வரிசையா தெரிஞ்சுது. மேல தாத்தா அடிச்ச நீலம். அதுக்குக் கீழ ரெட் ஆக்ஸைடு. அப்புறம் தடிமனா ஒரு பளபளப்பு ஆலிவ், பிரஷ் கோடு தெரியுது. அதுக்கும் கீழ மெல்லிசா ஒரு மேட் பச்சை, ஒரு ஓரத்துல கருப்பு. கடைசியா பிரைமர், தகரம்.

என்னோட ஊகம்: மேட் பச்சையும் கருப்பும் வேலை செஞ்ச காலத்தது. தடிமனான பளபளப்பு, யாரோ ஒரு அதிகாரி பார்வையிட வர்றாருன்னு அவசரமா பிரஷ்ல அடிச்சது. நிரூபிக்க முடியாது. அந்த நம்பர் முழுசா இருந்திருந்தா, எந்த வருஷத்து வண்டின்னு தெரிஞ்சு ஊகத்தைக் கொஞ்சம் இறுக்கியிருக்கலாம்.

இப்படிச் சுரண்டிப் பார்த்துட்டு அதே நிறத்தை அப்படியே கலக்கிடலாம்னு நினைக்காதீங்க. வெயில் பட்ட பெயிண்ட்ல பசை சிதைஞ்சு மேல வெள்ளைப் பொடி பூத்திருக்கும், அதனால நிறம் வெளிறும். வெளிச்சமே படாம அடியில மூடிக் கிடக்கிற எண்ணெய்ப் பெயிண்ட் மஞ்சளாகும். மேல இருக்கிறது ஒரு பொய் சொல்லும், கீழ இருக்கிறது இன்னொரு பொய் சொல்லும், அசல் ரெண்டுக்கும் நடுவுல எங்கேயோ. இன்னொண்ணு, பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டுக்கே ஈயத்தை 90 பி.பி.எம்.முக்குள்ள கட்டுப்படுத்துற விதி 2016-லதான் வந்துச்சு. அதனால நான் பண்ணின மாதிரி மாஸ்க் இல்லாம கிரைண்டர் போட்டுத் தூசியைக் குடிக்காதீங்க. ஈரமா தேய்ங்க.

சட்டம் வேண்டாம்னு சொல்லுது

அடுக்கைப் பார்த்ததும் பெரியப்பாவுக்கு ஆசை வந்துருச்சு. "அப்போ அந்தப் பழைய பச்சையே அடிச்சிரு, கருப்புப் பட்டையோட." எனக்கும் அதான் ஆசை. பெயிண்டர் அண்ணன்தான் தலையை ஆட்டினாரு. "ஆர்.டி.ஓ. விடமாட்டாங்க."

அவர் சொன்னது சரி. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 121-வது விதி, பாதுகாப்புத் துறையோட வண்டி தவிர வேற எந்த மோட்டார் வாகனத்துக்கும் ஆலிவ் பச்சை கூடாதுன்னு சொல்லுது. "டிரெய்லர்தானே, எஞ்சின்கூட இல்லையே"ன்னு நான் வக்கீல் மாதிரி பேசிப் பார்த்தேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல தேடினா, மோட்டார் வாகனம்ங்கிற வரையறைக்குள்ள டிரெய்லரும் இருக்கு. தாத்தா ஏன் நீலம் அடிச்சாருன்னு அப்போதான் புரிஞ்சுது. அவருக்கு நீலம் பிடிக்கும்னு நாங்க இத்தனை வருஷமா நினைச்சிட்டு இருந்தோம்.

இந்த விதி எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு. ஆனா செக்போஸ்ட்ல ராணுவ வண்டின்னு நினைச்சு விட்டுடற நிலைமையை யோசிச்சா நியாயமும் தெரியுது. பீடத்து மேல நிக்கிற டாங்கிக்குப் பிரச்சினை இல்லை, அது எங்கேயும் ஓடப் போறதில்லை. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் ஏத்திட்டுப் போற டிரெய்லருக்குத்தான் பிரச்சினை.

கடைசியில மறுபடியும் நீலமே அடிச்சோம், தாத்தா அடிச்ச அதே வெளிர் நீலத்துக்கு முடிஞ்ச வரைக்கும் பக்கத்துல. மட்கார்டு மறைவுல அந்த நாணய வட்டத்தையும், பின்பக்க மூலையில அம்புக்குறியும் '7'-ம் இருக்கிற கையகல இடத்தையும் மட்டும் டேப் ஒட்டி விட்டுட்டு, மேல கிளியர் லேக்கர் அடிச்சிருக்கோம். பெரியப்பா போன வாரம் போன்ல சொன்னாரு, மார்க்கெட்ல மூட்டை இறக்குற ஒருத்தர் அதைப் பார்த்துட்டு, "என்னண்ணே, இங்க மட்டும் பெயிண்ட் அடிக்காம விட்டுட்டானா பையன்?"னு கேட்டாராம்.